பிள்ளை தப்பாகச் சொல்லும் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? மனதின் சட்டகங்கள் பற்றி ஒரு விவாதம்

தொடக்கப்பள்ளி டீச்சர்:

ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். தசம எண் நடத்தும்போது வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். 1.5 பெரிதா, 1.25 பெரிதா? பல பிள்ளைகள் 1.25 என்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அஞ்சைவிட இருபத்தஞ்சு பெருசு டீச்சர்." ஒரு பையன் இன்னும் விளக்கமாகச் சொன்னான்: "அது ஒரு ரூபாய் இருபத்தஞ்சு பைசா, இது ஒரு ரூபாய் அஞ்சு பைசா." அவன் அம்மா கடையில் பில் போடுகிறவர். புள்ளிக்கு இந்தப் பக்கம் ரூபாய், அந்தப் பக்கம் பைசா என்று தினமும் பார்த்து வளர்ந்தவன்.

நான் இங்கே எழுத வந்தது அவனைப் பற்றிக்கூட இல்லை. அதே வகுப்பில் ஒரு பெண் 1.5 தான் பெரிது என்று சரியாகச் சொன்னாள். காரணம் கேட்டேன். "புள்ளிக்கு அப்புறம் எவ்வளவு எண் அதிகமோ அவ்வளவு சின்னது" என்றாள். பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சின்னது என்று நான் நடத்தியதைத்தான் அப்படிப் பிடித்து வைத்திருக்கிறாள். அவளிடம் 1.2, 1.375 இரண்டையும் கொடுத்தால் 1.2 தான் பெரிது என்பாள். விடைத்தாளில் அவளுக்கு முழு மதிப்பெண் போயிருக்கும். மூன்று பிள்ளைகள், மூன்று விதமான ஏற்பாடு மண்டைக்குள். சரி, தப்பு என்று மட்டும் போட்டுக்கொண்டு போனால் இதில் ஒன்றுமே நமக்குத் தெரியாது.

மண்டைக்குள் இருக்கிற இந்த மாதிரி ஏற்பாட்டுக்குத்தான் ஸ்கீமா, மனதின் சட்டகம், என்று பெயர். பி.எட். படிக்கும்போது அதைப் பற்றி நாலு வரி படித்துவிட்டுத் தேர்வு எழுதினோம். வகுப்பில் அதுதான் எல்லாமாக இருக்கிறது. பிள்ளையின் பதிலைத் திருத்துவதற்கு முன்னால் அந்தப் பதில் எந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஆசிரியர்கள் மட்டுமில்லை, பெற்றோரும் எழுதுங்கள்.

மழைக்காகம்:

டீச்சர், நீங்கள் சொன்ன இடத்தில்தான் பியாஜேவும் ஆரம்பித்தார். அவர் சுவிட்சர்லாந்துக்காரர், 1896-இல் பிறந்தவர், முதலில் நத்தை, சிப்பி வகைகளை ஆராய்ந்த உயிரியல்காரர். 1920 வாக்கில் பாரிஸில் பினே நடத்திய ஆய்வுப் பள்ளியில் வேலை. பினே அப்போது உயிரோடு இல்லை. அவரோடு சேர்ந்து நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய சீமோன், ஆங்கிலத்தில் இருந்த சில தர்க்கச் சோதனைகளைப் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி தரப்படுத்தச் சொன்னார். எத்தனை சரி, எத்தனை தப்பு என்று எண்ணினால் போதும். பியாஜேவுக்குத் தப்புகள் மேல் கண் போனது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்தார்கள். அப்படியானால் தப்புக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். 1921-இல் ஜெனீவா போனபின் வாழ்நாள் வேலையே அதுதான்.

அவர் சொன்ன ஸ்கீமா கைக்குழந்தையிடமே தொடங்குகிறது. சப்புவது ஒரு ஸ்கீமா, பிடிப்பது ஒரு ஸ்கீமா. புதிதாக எது கிடைத்தாலும் இருக்கிற ஸ்கீமாவுக்குள் இழுத்துப் பார்க்கும். கிலுகிலுப்பையும் வாய்க்குள், சாவிக்கொத்தும் வாய்க்குள். இதைப் பாடப்புத்தகம் தன்வயமாக்கல் என்கிறது. பொருள் அடங்காதபோது ஸ்கீமாவே வளைந்து கொடுக்க வேண்டும். பால் பாட்டிலுக்குச் சரியான வாய் டம்ளருக்குச் சரிவராது, உதட்டை வேறு மாதிரி வைக்கப் பழக வேண்டும். இது பொருந்தி மாறுதல். இரண்டும் மாறி மாறி நடப்பதுதான் வளர்ச்சி.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் மகள் லூசியென் கதை. வயது ஒன்று, மேலே நாலு மாதம். தீப்பெட்டிக்குள் ஒரு சங்கிலி. பெட்டியைக் கொஞ்சம்போலத் திறந்து வைத்துக் கொடுக்கிறார், இடைவெளி மூன்று மில்லிமீட்டர். விரல் நுழையவில்லை. குழந்தை பெட்டியையே உற்றுப் பார்க்கிறாள். பிறகு தன் வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடி இன்னும் அகலமாகத் திறக்கிறாள். அடுத்த நொடி விரலை அந்த இடுக்கில் வைத்து இழுத்து, பெட்டியைத் திறந்து சங்கிலியை எடுத்துவிட்டாள். "திறப்பு பெரிதாக வேண்டும்" என்று சொல்ல அவளிடம் சொல் இல்லை. வாயைக் கொண்டு யோசித்தாள். கையிலும் வாயிலும் இருந்த ஸ்கீமா யோசனையாக மாறும் கட்டம் கண்ணெதிரே தெரிகிறது.

இரட்டையர் அம்மா:

எனக்கு மூன்றரை வயதில் இரட்டைப் பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பெண். ஜூஸ் ஊற்றும்போது வீட்டில் சண்டை. ஒரே அளவு டம்ளர் இல்லாவிட்டால் ஒல்லி டம்ளர் யாருக்கு என்று அடிதடி. கண்ணெதிரே ஊற்றிக் காட்டினாலும் உயரமாகத் தெரிவதுதான் "நிறைய". சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தை வைத்தே அளவை முடிவு செய்வார்கள் என்று பியாஜே சொன்னது இதைத்தான் என்று இப்போது புரிகிறது.

எனக்கு வேறு ஒரு கேள்வி. பையன் எதைக் கண்டாலும் தூக்கிப் போடுகிறான். மாடியிலிருந்து க்ளிப், சோபா மேலிருந்து கரண்டி. அதட்டினால் ஐந்து நிமிடம்தான். பெண் வேறு மாதிரி. காய்கறி வாங்கும் கட்டைப்பையில் ரிமோட், செருப்பு, வெங்காயம் எல்லாம் போட்டு இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். திரும்ப அள்ளிக்கொண்டு வருவாள். நாள் முழுக்க இதே. மாமியார் பையனுக்கு வேப்பிலை அடிக்கச் சொல்கிறார். இது சாதாரணம்தானா?

லண்டன் பாலர்கூடம்:

தங்கச்சி, பயப்படவே வேண்டாம். நான் யாழ்ப்பாணம், இங்கே லண்டனில் நர்சரியில் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஸ்கீமா என்றால் தினசரிப் பேச்சு. நீங்கள் எழுதியதை எங்கள் பதிவேட்டில் எழுதினால் பையனுக்கு "எறிபாதை", மகளுக்கு "கொண்டுசெல்லல்" என்று போடுவோம்.

பியாஜேவின் எண்ணத்தை இந்த நாட்டு நர்சரிகளுக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ் அதி என்கிற ஆசிரியை. 1970களில் லண்டனில் ஃப்ரோபெல் கல்லூரியில் ஐந்து ஆண்டுத் திட்டம் ஒன்றை நடத்தி, சின்னப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்வதை எல்லாம் குறித்து வைத்தார். ஒரே பிள்ளை ஓடுகிற தண்ணீரில் கை வைப்பது, பந்து எறிவது, தாளில் மேலிருந்து கீழே கோடு கிழிப்பது, ஏணியில் ஏறி இறங்குவது. நமக்கு இவை நாலு வேறு வேலை. பிள்ளைக்கு ஒன்றுதான், ஒரு பொருள் ஒரு கோட்டில் எப்படிப் போகிறது என்பதை ஆராய்கிறது. சில பிள்ளைகள் எதையும் சுற்றுவார்கள். சக்கரம், மூடி, வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பது. சிலர் எதையும் மூடுவார்கள், பொம்மைக்குப் போர்வை, பொருளைத் தாளில் சுற்றுவது, தாங்களே மேசைக்கடியில் ஒளிவது.

பையனுக்கு எறிவதை நிறுத்தச் சொல்லாமல் எறியக்கூடியதைக் கொடுங்கள். பழைய துணியில் உருண்டை கட்டிக் கொடுத்து ஒரு வாளியைத் தள்ளி வையுங்கள். அடுத்த நாள் வாளியை இன்னும் தள்ளி வையுங்கள். இறகும் கல்லும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கட்டும். மகளுக்குப் பையோடு சேர்த்து ஒரு வேலை கொடுங்கள். "இரண்டு வெங்காயம் அம்மம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா." எண்ணுவதும் அதற்குள் வந்துவிடும். மாமியாரிடம் சண்டை பிடிக்க வேண்டாம், பிள்ளை இப்போது அறிவியல் படிக்கிறது என்று சொல்லுங்கள்.

விடாக்கண்டன்:

எல்லோரும் பியாஜேவைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதால் மறுபக்கமும் வர வேண்டும். அவர் போட்ட வயது வரிசை, இரண்டு வரை புலன் இயக்கம், ஏழு வரை செயலுக்கு முந்தையது, பதினொன்று வரை கண்ணால் பார்ப்பதை ஒட்டிய சிந்தனை, அதை இன்றைக்கும் ஆசிரியர் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

1970களின் நடுவில் ஸ்காட்லாந்தில் மெக்காரிகல், டொனால்ட்சன் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வரிசை வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கை. பெரியவர் ஒரு வரிசையைப் பரப்பி வைத்துவிட்டு "இப்போது எதில் அதிகம்?" என்று கேட்டால் நாலைந்து வயதுப் பிள்ளைகள் நீண்ட வரிசை என்கிறார்கள். இதுதான் பியாஜே கண்டது. அதே வேலையை ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை ஓடிவந்து கலைப்பதாக ஆடிக் காட்டினால், பெரும்பாலான பிள்ளைகள் இரண்டும் சமம் என்று சரியாகச் சொன்னார்கள். காரணம் யோசியுங்கள். மரியாதையான பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், "ஏதோ மாறியிருக்கிறது, பதிலை மாற்றச் சொல்கிறார்" என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். நம் ஊர் வகுப்பில் வாத்தியார் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றாலே பிள்ளை பதிலை மாற்றுகிறதே, அதேதான்.

அதேபோல் மறைத்த பொருள் இன்னும் இருக்கிறது என்பது எட்டு ஒன்பது மாதம் வரை குழந்தைக்குத் தெரியாது என்றார் பியாஜே. 1985-இல் பெயர்ஷோன் குழு ஐந்து மாதக் குழந்தைகளைக் கொண்டு, கையால் தேடவிடாமல், எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறார்கள் என்று அளந்தது. மறைந்த பெட்டியை ஊடுருவிக்கொண்டு ஒரு பலகை போவதுபோலக் காட்டினால் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். ஆகவே டீச்சர், பிள்ளைக்கு ஏற்பாடு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் நம் கேள்வியில் கோளாறா என்றும் பார்க்க வேண்டும்.

தொடக்கப்பள்ளி டீச்சர்:

விடாக்கண்டன் ஐயா, இதில் எனக்கு முழு ஒப்புதல். வயது வரிசையை நானும் விட்டுவிட்டேன். ஒரே பிள்ளை கூட்டலில் ஒரு கட்டத்திலும் தசமத்தில் வேறு கட்டத்திலும் இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் கரடி பொம்மைச் சோதனை என் வாதத்தைக் கலைக்கவில்லை. பெரியவர் கேள்வி கேட்கும்போது என்ன எதிர்பார்ப்பார் என்பதும் பிள்ளைக்குள் இருக்கிற ஒரு ஸ்கீமாதானே? பள்ளிக்கூட ஸ்கீமா. அதனால்தான் நான் சரியான பதில் சொன்ன பிள்ளையிடமும் "ஏன்?" என்று கேட்கிறேன். தப்புக்கு மட்டும் "ஏன்" கேட்டால், அந்தச் சொல் வந்தாலே தப்பு என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தசமத்துக்கு நான் இப்போது செய்வது இதுதான். கணக்கு நோட்டில் பத்துக்குப் பத்துக் கட்டம் வரைந்து, 0.5 என்றால் ஐந்து முழு வரிசை, 0.25 என்றால் இரண்டு வரிசையும் ஐந்து கட்டமும் வண்ணமடிக்கச் சொல்கிறேன். பில் போடும் அம்மாவின் பையன் அதை முடித்துவிட்டு நிமிர்ந்து, "அப்போ ஒன்று புள்ளி ஐந்து என்றால் ஒரு ரூபாய் அம்பது பைசா!" என்றான். அவனுடைய ரூபாய் ஏற்பாட்டைத் தூக்கி எறியவில்லை, அதற்குள்ளேயே சரி செய்துகொண்டான். "புள்ளி இருபத்தைந்து" என்று வாசிப்பதை நிறுத்தி "புள்ளி இரண்டு ஐந்து" என்று வாசிக்க வைத்ததும் உதவியது.

நினைவுத்தடம்:

பிள்ளை வளர்ப்பிலேயே போய்க்கொண்டிருக்கிறது, நினைவு பக்கமும் கொஞ்சம் வருவோம். கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடித்தளம். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்று, மானுடவியலாளர் போவாஸ் பதிவு செய்து மொழிபெயர்த்தது. இரண்டு இளைஞர்கள் ஆற்றுக்குக் கடல்நாய் வேட்டைக்குப் போகிறார்கள். ஓடங்களில் வீரர்கள் வந்து போருக்குக் கூப்பிடுகிறார்கள். ஒருவன் போகிறான். அவனுக்கு அடிபடுகிறது, ஆனால் வலிக்கவில்லை. "இவர்கள் ஆவிகள்" என்று நினைக்கிறான். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறான். விடிந்ததும் விழுகிறான், வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவருகிறது, செத்துப்போகிறான்.

இதை ஆங்கிலேய மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து, நாட்கள் கழித்து, சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் எழுதச் சொன்னார். அந்தப் பழங்குடி ஓடம் (canoe) சாதாரணப் படகாகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. ஆவிகள் காணாமலே போயின, அல்லது யாரோ ஒரு இனத்தின் பெயராக மாறின. கறுப்பாக வந்தது வாயில் நுரை தள்ளியதாக ஆனது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்கள் உலகத்தில் அர்த்தமாகிற வடிவத்துக்குக் கதையைத் தங்களை அறியாமலே கொண்டுவந்துவிட்டார்கள். நினைவு கூர்வது என்பது எடுத்துப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டுவது.

இதில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. 1979-இல் ஸ்டெஃபென்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் மூவரும் இரண்டு கடிதங்களை எழுதினார்கள். ஒன்றில் அமெரிக்கக் கல்யாணம், ஒன்றில் இந்தியக் கல்யாணம். அமெரிக்கர்களிடமும் அங்கே இருந்த இந்தியர்களிடமும் இரண்டையும் படிக்கக் கொடுத்தார்கள். தங்கள் ஊர்க் கல்யாணத்தை இரு தரப்பும் வேகமாகப் படித்தார்கள், அதிகமாக நினைவில் வைத்தார்கள், எழுதாததையும் சரியாக இட்டு நிரப்பினார்கள். அடுத்தவர் கல்யாணத்தில் குழம்பினார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டி அணிந்த கல்யாண உடையை உடுத்திக்கொள்கிறாள். அங்கே அது பெருமை. இந்திய வாசகர் ஒருவர் அதைப் பழைய, வழக்கொழிந்த உடை என்று குறையாக நினைவில் வைத்திருந்தார். நமக்குக் கல்யாணம் என்றாலே புதுப்பட்டு. வரதட்சணைப் பேச்சு வரும் இடத்தை அமெரிக்கர்கள் பரிசுப் பரிமாற்றமாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1978-இல் ஆண்டர்சன், பிச்சர்ட் இருவரும் ஒரு வீட்டைப் பற்றிய கதையைக் கொடுத்து, சிலரைத் திருடன் கண்ணோடும் சிலரை வீடு வாங்க வந்தவர் கண்ணோடும் படிக்கச் சொன்னார்கள். திருடனாகப் படித்தவருக்குக் காசுச் சேகரிப்பும் டிவியும் நினைவிருக்கும், வாங்க வந்தவருக்கு ஒழுகும் கூரை. சுவையான பகுதி அடுத்தது. எல்லாம் எழுதி முடித்த பிறகு, "இப்போது மற்றவர் கண்ணோடு யோசித்து எழுதுங்கள்" என்றதும், முதலில் வராத விவரங்கள் புதிதாக வந்தன! கதையை மறுபடி காட்டவே இல்லை. உள்ளே இருந்ததை வெளியே எடுக்க வேறு சட்டகம் தேவைப்பட்டிருக்கிறது.

வழக்காடி:

நீதிமன்றத்தில் இருக்கிற எனக்கு இது ஆராய்ச்சியாக மட்டும் படவில்லை. 1974-இல் லோஃப்டஸ், பாமர் செய்த சோதனையை எங்கள் தொழிலில் எல்லோரும் படிக்க வேண்டும். 150 பேருக்குக் கார் விபத்துப் படம். ஐம்பது பேரிடம் "கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?", ஐம்பது பேரிடம் "இடித்தபோது என்ன வேகம்?" மீதி ஐம்பது பேரிடம் வேகம் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. "நொறுங்க" என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், "இடித்த" என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர், மூன்றாம் குழுவில் 6 பேர். நொறுங்கின விபத்து என்றால் கண்ணாடித் தூள் கிடக்கும் என்பது நம் எல்லோருக்குள்ளும் இருக்கிற படம். கேள்வி அந்தப் படத்தை எழுப்பிவிட்டால் மீதியை மனசு தானே போட்டுக்கொள்கிறது.

குழந்தைச் சாட்சி விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. 2012 போக்சோ சட்டம் குழந்தையிடம் வழக்கறிஞர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கக்கூடாது, நீதிமன்றத்திடம் கொடுக்க வேண்டும், நீதிமன்றம்தான் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்கிறது. குழந்தையைத் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்ல அழைக்கக்கூடாது என்றும், நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. குழந்தையின் மனதை நோகடிக்காமலிருப்பது முதல் நோக்கம். ஆனால் நினைவைக் கெடுக்காமலிருக்கவும் அதுவே வழி. வீட்டில் பெற்றோர் பதற்றத்தில் "அவன்தானே? இங்கேதானே தொட்டான்?" என்று அடுக்குவது பிள்ளைக்கும் வழக்குக்கும் கேடு. "என்ன நடந்தது, சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, அது முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிள்ளை சொல்வதை நம்புங்கள், சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மழைக்காகம்:

வழக்காடி அண்ணா, இதற்குப் பியாஜேவின் சொந்த வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது, பாரிஸில் தள்ளுவண்டியில் ஆயா தள்ளிக்கொண்டு போகையில் ஒருவன் கடத்த வந்ததாகத் தெளிவான நினைவு. வண்டியின் பட்டை தன்னை விழாமல் பிடித்து வைத்தது, ஆயாவின் முகத்தில் கீறல், கூட்டம் கூடியது, குட்டை மேலங்கியும் வெள்ளைத் தடியுமாகப் போலீஸ்காரர் வந்தது, எல்லாம் கண்ணில் நின்றது. அவருக்குப் பதினைந்து வயது வாக்கில் அந்த ஆயா பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். கதை முழுக்கத் தான் கட்டியது, கீறலும் தானே போட்டுக்கொண்டது என்று. பரிசாகக் கொடுத்த கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். நடக்காத ஒன்றை, வீட்டில் பேசிக் கேட்டதை வைத்து, கண்ணால் பார்த்த நினைவாகச் சின்னப் பிள்ளை கட்டிக்கொண்டிருக்கிறது.

சதுரங்கப் பயிற்சியாளர்:

எங்கள் துறையிலிருந்து ஒன்று. நல்ல ஆட்டக்காரருக்கு ஆட்டத்தின் நடுவிலிருக்கும் பலகையைச் சில நொடி காட்டிவிட்டு மூடினால் பெரும்பகுதியைத் திரும்ப வைத்துவிடுவார். அதே காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டினால் அவர் நினைவும் சராசரிக்கு இறங்கிவிடும். சேஸ், சைமன் 1973-இல் காட்டியது. அவருக்கு இருப்பது பெரிய நினைவுப்பெட்டி இல்லை, ஆட்ட வடிவங்கள்.

1978-இல் மிஷெலின் சீ இதைப் பிள்ளைகளிடம் செய்தார். சதுரங்கம் நன்றாகத் தெரிந்த, சராசரி பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு பக்கம், அதிகம் தெரியாத பெரியவர்கள் மறுபக்கம். எண்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னால் பெரியவர்கள் ஜெயித்தார்கள். பலகையை நினைவில் வைப்பதில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். பிள்ளைக்கு நினைவுத்திறன் குறைவு என்று பொதுவாகச் சொல்லும் பேச்சை இது உடைக்கிறது. "என் பையனுக்கு எதுவுமே மண்டையில் நிற்காது" என்று என்னிடம் அழைத்துவரும் பெற்றோர் உண்டு. அந்தப் பையன் கிரிக்கெட் ஸ்கோரை வரிசையாகச் சொல்வான்.

விடாக்கண்டன்:

அப்படியானால் தகவலை நிறைய ஊட்டினால் போதும், மனப்பாடமே சிறந்த வழி என்று ஆகிவிடாதா? பிள்ளை தானே செய்து கற்கட்டும் என்று செயல்வழிக் கற்றல், அட்டை, ஏணிப்படி என இத்தனை ஆண்டு பாடுபட்டதெல்லாம் எதற்கு?

தொடக்கப்பள்ளி டீச்சர்:

அறிவு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்று இருவர் அமெரிக்காவில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புச் சோதனையில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கிற, ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். இதைப் படித்த பிறகு "வாசிப்பில் மந்தம்" என்று எந்தப் பிள்ளை பெயருக்கு எதிரிலும் எழுத என் கை வரவில்லை. எதைப் பற்றி வாசிக்கச் சொன்னோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆனால் ஒன்றோடொன்று சேராத தகவல் ஸ்கீமா ஆகாது. தாறுமாறாக வைத்த காய் மாதிரிதான் கிடக்கும். மனப்பாடம் செய்த பெருக்கல் வாய்ப்பாடு கையில் இருக்கட்டும், கூடவே 6×7 என்பது 6×6-ஐவிட ஒரு ஆறு அதிகம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

மழைக்காகம்:

டீச்சர் சொன்னதற்கு எலியிடமே ஆதாரம் இருக்கிறது. 2007-இல் எடின்பரோவில் ரிச்சர்ட் மோரிஸ் குழு, ஒரு வகைச் சுவை என்றால் இந்தக் குழியில் தீனி என்று ஆறு ஜோடிகளை எலிகளுக்குப் பல வாரம் பழக்கியது. அந்த வரைபடம் அமைந்த பிறகு புது ஜோடிகளை ஒரே தடவையில் கற்றன. புது நினைவு நிலைபெற வழக்கமாக நெடுநாள் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி தேவை. இங்கே 48 மணி நேரத்திலேயே அந்தப் பகுதி இல்லாமலும் நினைவு நின்றது. முதலில் கட்டமைப்பு மெதுவாக வர வேண்டும், வந்துவிட்டால் அடுத்தது வேகமாக ஒட்டிக்கொள்ளும்.

லண்டன் பாலர்கூடம்:

ஒரு எச்சரிக்கையும் இதில் சேர வேண்டும். 1983-இல் மார்ட்டின், ஹால்வர்சன் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் படங்கள் காட்டினார்கள். சிலவற்றில் ஒரு சிறுமி மரம் அறுப்பது மாதிரி, வழக்கமாக அந்தப் பாலினத்தார் செய்யாததாக நினைக்கும் வேலை. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மரம் அறுத்தது பையன் என்று பல பிள்ளைகள் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததை ஸ்கீமா மாற்றிவிட்டது. பாடப்புத்தகத்தில் ஒரு பெண் விமானியின் படம் போட்டுவிட்டோம், வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. நான் படத்தைக் காட்டி, "யார் ஓட்டுகிறார்? அவர் பெயர் என்னவாயிருக்கும்?" என்று பிள்ளைகளையே சொல்ல வைப்பேன்.

இரட்டையர் அம்மா:

எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன், எல்லோருக்கும் நன்றி. துணி உருண்டையும் வாளியும் வேலை செய்கிறது அக்கா. கரண்டி தப்பித்தது. அண்ணன் பெண் ஏழு வயது, விடுமுறைக்கு வந்திருக்கிறாள். பூமி உருண்டை என்று ஒப்பிக்கிறாள், உருண்டையாகவே வரைகிறாள். ஆனால் "கீழே இருக்கிறவங்க விழ மாட்டாங்களா?" என்று நான் கேட்டதும், "நாம உருண்டைக்கு உள்ளே இருக்கோம் அத்தை, அடியில தரை இருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தொடக்கப்பள்ளி டீச்சர்:

அருமையான பதில் அது! 1992-இல் வோஸ்னியாடூ, ப்ரூவர் இருவரும் அமெரிக்காவில் 60 பிள்ளைகளிடம் கேட்டபோதும் இந்த உள்ளீடற்ற உருண்டை வந்தது. சில பிள்ளைகளுக்குத் தோசைக்கல் மாதிரி வட்டத் தட்டு, சிலருக்கு இரண்டு பூமி, நாம் நிற்கும் தட்டையான ஒன்றும் வானத்தில் தொங்கும் உருண்டையான ஒன்றும். 1996-இல் இதே குழுவினர் ஹைதராபாத் பிள்ளைகளிடம் கேட்டது வெளிவந்தது. அங்கே பூமி தண்ணீர் மேல் மிதப்பதாகச் சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். ஊரில் கேட்ட கதையைப் பள்ளிப் பாடத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள்.

உங்கள் மருமகள் இரண்டு விஷயத்தை விடாமல் வைத்திருக்கிறாள். தரை தட்டை, தாங்காதது கீழே விழும். இரண்டும் அவள் தினமும் பார்ப்பவை. பள்ளியில் உருண்டை என்று சொன்னதும், மூன்றும் ஒத்துப்போகிற மாதிரி ஒன்றைத் தானே யோசித்து அமைத்திருக்கிறாள். ஆகவே இப்போது தப்பு என்று சொல்லாதீர்கள். "உருண்டைக்குள்ளே இருந்தால் நிலாவும் உள்ளேயா, வெளியேயா?" என்று கேளுங்கள். அப்புறம், "நேராக நடந்துகொண்டே இருந்தால் எங்கே போய்ச் சேருவோம், ஓரம் வருமா?" என்று கேளுங்கள். பதிலை வரையச் சொல்லுங்கள். "கீழே" என்பது எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல் இருக்கும், அதைக் கடைசியில் எடுக்கலாம். ஒரு பந்தில் நாலு பக்கமும் குண்டூசிகளைக் குத்தி, ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்று வைத்து, "இவர் கையிலிருக்கும் கல்லை விட்டால் எந்தப் பக்கம் போகும்?" என்று ஒவ்வொருவருக்கும் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். என்ன போட்டாள் என்று இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைச் சொல்கிறேன்.